உப்பலவலசையில் இரண்டு சங்குகள்

உப்பலவலசையில் சணல் மில் கூரைமேல் பொருத்திய அபாயச் சங்கை முதன்முதலாக ஊதிப் பார்த்த அதே நேரத்தில் பைடிதல்லிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போல வீறிட்டு அழவில்லை; சங்கைப் போலவே ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊதியது. மில் சங்கு ஓய்ந்த பிறகும் சத்தம் நிற்காததால், பழகிப் பார்ப்பதற்காகப் பதுங்குகுழிக்குள் இறங்கிய ஜனம் அங்கேயே குப்புறக் கிடந்தது. கொப்பூழ்க்கொடியை அறுத்த கையோடு மருத்துவச்சியும் ஓடிப்போய்க் குழியில் விழுந்துவிட்டாள். பைடிதல்லி தானே எழுந்து குழந்தையைத் துடைத்து மார்பில் போட்டுக்கொண்டாள். வயிறு நிறைந்து காம்பை விட்டதும் குழந்தை ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே சீராக நீட்டி ஊதியது. அபாயம் நீங்கியது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று முந்தின நாளே தண்டோரா போட்டிருந்தார்கள். ஜனம் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனது. சங்கராந்திக்கு முந்தின வாரம் அது. ரூபாய்க்கு எட்டுப் படி அரிசி விற்றது.

குழந்தைக்குக் கொண்டம்மா என்று பெயர் வைத்தார்கள். துறையில் உப்பு மூட்டை ஏற்றும் நூக்கராஜுதான் அப்பன். மகள் பசித்து ஊதும்போதெல்லாம் தெருவில் நடப்பதைப் பார்த்து முதல் வாரம் அவன் சிரித்தான். நாவிதனிடம் பாதி முகம் சிரைத்தவர்கள் பாதி முகத்தோடு ஓடினார்கள். தாலுகா கச்சேரியில் வாய்தாவுக்கு வந்தவர்கள் ஓட, அவர்களுக்கு முன்னால் குமாஸ்தா ஓடினார். இரண்டாவது வாரம் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடும் கூட்டத்தில் ஒரு கிழவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது, வண்டி மாடு ஒன்று கடலுக்குள் இறங்கிப் போனது. மூன்றாவது வாரம் விமானத் தாக்குதல் வார்டன் சன்யாசி ராவ் தலைக்குப் பெரிதான இரும்புத் தொப்பியோடு வந்து நின்றார். அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். யுத்தத்துக்காகத் தெருவின் காவலை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்தார், தூளியை உதறிப் பார்த்தார், கூரை ஓலையைக் கம்பால் குத்திப் பார்த்தார். கடைசியில், வானத்துக்கு வெளிச்சம் தெரியாமல் இருக்க நீலக் காகிதம் ஒட்டிய டார்ச்சைக் குழந்தையின் வாய்க்குள் அடித்துப் பார்த்தார்.

"நாக்கு இருக்கு. அண்ணம் இருக்கு. மிஷின் ஒண்ணும் இல்ல" என்றார்.

"மிஷினை முழுங்கிட்டுப் பொறக்குமா பாபு, மனுசக் குழந்தை?" என்றான் நூக்கராஜு.

"வாய மூடு. சர்க்கார் சங்கு மாதிரி ஊதறது குத்தம்டா. பொண்ணுக்கு எடுத்துச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்க. டிரில் மாஸ்டர் சொன்னா கேக்கும்."

சன்யாசி ராவ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். டார்ச் வெளிச்சம் பிடிக்காமல் குழந்தை ஊதத் தொடங்கியது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவரே முதலில் குழிக்குப் போய்ச் சேர்ந்தார். அன்றைக்குத் தெரு கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. குழந்தை பசித்தால்தான் ஊதுகிறது, ஆகவே அதைப் பசிக்க விடக்கூடாது. அதற்குத் தாயைப் பசிக்க விடக்கூடாது.

இப்படித்தான் பைடிதல்லி வாழ்நாளில் முதல் தடவையாக மூன்று வேளை வயிறாரச் சாப்பிட்டாள். பால் சுரக்கவென்று பால்சுறாப் புட்டு வந்தது, பூண்டுக் குழம்பு வந்தது, எருமை வைத்திருந்தவர்கள் உழக்குப் பால் அனுப்பினார்கள். கொடுத்தவர்கள் யாரும் பிரியத்தோடு கொடுக்கவில்லை; கிண்ணத்தை வாசலில் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டே போனார்கள். விலையெல்லாம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. காபி ஹோட்டல் ரேடியோவில் ஜப்பான்காரனிடம் தினம் ஓர் ஊர் விழுந்துகொண்டிருந்தது. உப்பலவலசையில் பூகோளம் படித்தவர்கள் குறைவு. ஆனால் சிங்கப்பூர் விழுந்தது மண்ணெண்ணெயில் தெரிந்தது, ரங்கூன் விழுந்தது அரிசியில் தெரிந்தது. எட்டுப் படி ஆறு படியாகி, ஐந்து படியானது. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் ரயிலடியில் படுத்திருந்தார்கள். அவர்கள் எதுவும் கேட்கவில்லை, யாராவது பக்கத்தில் போனால் கையால் தலையை மூடிக்கொண்டார்கள். சில்லறைக் காசு ஊரை விட்டே மறைந்தது. மீதிக் காசுக்குக் கடைக்காரன் தீக்குச்சி எண்ணிக் கொடுத்தான். இருந்தும் பைடிதல்லியின் வாசலுக்குக் கிண்ணம் வருவது நிற்கவில்லை. டூரிங் கொட்டகைக்காரன்கூட ஒரு செம்பு பால் அனுப்பினான். அவன் கொட்டகைக்கு அவள் ஒருநாள் குழந்தையோடு போயிருந்தாள். இரண்டாவது ரீலில் கொண்டம்மாவுக்குப் பசித்தது. மணலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கீற்றைப் பிய்த்துக்கொண்டு ஓட, திரையில் இந்திரன் வெறும் மணலைப் பார்த்து வரம் கொடுத்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு, அவள் படத்துக்கு வராமல் இருப்பதற்காக அவன் பால் அனுப்பினான்.

ஒரே ஒரு வீட்டிலிருந்து மட்டும் கிண்ணம் வரவில்லை. அது அடுத்த வீடு. அங்கே கருவாடு விற்கும் அச்சியம்மா இருந்தாள். அவளுக்குக் கார்த்திகையில் பிறந்த ஆண் குழந்தை ஒன்று இருந்தது. மாசியில் அதற்குச் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் குழந்தையை எடுத்துக்கொண்டு, கொண்டம்மா ஊதும்போதெல்லாம் அவளும் ஈரக் குழியில் போய்ப் படுத்தாள். ஓடாமல் வீட்டிலேயே இருக்க அவளுக்குத் தைரியம் இல்லை. நிஜச் சங்காக இருந்துவிட்டால்? பங்குனி பிறப்பதற்குள் குழந்தை போய்விட்டது. காரியம் முடிந்த அன்று அச்சியம்மா பைடிதல்லியின் வாசலில் வந்து நின்றாள்.

"உம் பொண்ணுக்கு வயிறு நெறஞ்சிருக்கா?" என்று கேட்டாள்.

பைடிதல்லி மடியில் கிடந்த குழந்தையை முந்தானையால் மூடினாள்.

"நல்லாக் குடு. ஊரே குடுக்குது. எம் புள்ள குடிக்க வேண்டியத நான் சாம்பல்ல பீய்ச்சுறேன்."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பால் கட்டி நெஞ்சு கல்லாகும் வேளையில் கொல்லைப்பக்கம் போய்ச் சாம்பல் குவியலில் பீய்ச்சிவிட்டு வருவாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த படல் வழியாகப் பைடிதல்லிக்கு அது தெரியும். பார்க்கக் கூடாதென்று நினைத்துக்கொண்டே பார்ப்பாள். அந்த நாட்களில் ஜப்பான்காரனைவிட அவளுக்கு அச்சியம்மாவிடம்தான் பயம் அதிகம். நூக்கராஜு, "பேசி முடிச்சுடலாம் புள்ள, நான் போய்ப் பேசறேன்" என்றபோது, "என்னத்தப் பேசுவ மாமா? குழந்தையத் திருப்பித் தருவியா?" என்று கேட்டுவிட்டாள்.

பங்குனி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் குண்டு விழுந்ததாக ரேடியோ சொன்னது. காபி ஹோட்டல்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டுப் பால் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினார். மறுநாள் கடை இல்லை என்றார். சாயங்காலத்துக்குள் மாட்டுவண்டி வாடகை நான்கு மடங்கானது. பணம் இருந்தவர்கள் ராத்திரியே உள்நாட்டுப் பக்கம் புறப்பட்டார்கள். மற்றவர்கள் புறப்பட்டவர்களை வழியனுப்பிவிட்டு வந்து படுத்தார்கள்.

திங்கட்கிழமை பகலில் சங்கு ஊதியது. தெருவில் யாரும் பதறவில்லை. மூன்று மாதம் பழகியதில் ஓடுவதும் ஒரு வேலையாகிவிட்டிருந்தது. சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுத்தான் போவார்கள். "ஓலம்மோ, பைடிதல்லி! பால் குடேன்டி, உலை கொதிக்குது!" என்று யாரோ கத்தினார்கள். பைடிதல்லி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வந்தவள் நடுத்தெருவில் நின்று இரண்டு கையாலும் குழந்தையை உயரத் தூக்கிக் காட்டினாள்.

"இவ தூங்குறா!" என்று கூவினாள். "பாருங்க, இவ இல்ல! இவ தூங்குறா!"

தெருவே அந்தத் தூங்குகிற முகத்தை ஒரு கணம் பார்த்தது. அப்புறம் ஓடியது பழைய ஓட்டம் இல்லை. சத்தமே போடாமல் ஓடினார்கள். குழிக்குள் முதலில் விழுந்தவர்கள் மேல் மற்றவர்கள் விழுந்தார்கள். சன்யாசி ராவின் தொப்பி எங்கேயோ உருண்டு போனது. அவர் வெறும் தலையோடு, "ஆடாதீங்க, அசையாதீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவர் உடம்புதான் எல்லாரையும்விட அதிகமாக நடுங்கியது.

விசாகப்பட்டினத்துக்கும் காக்கிநாடாவுக்கும் போன ஜப்பான் விமானங்களில் ஒன்று வழியில் உப்பலவலசையைப் பார்த்திருக்க வேண்டும். முதல் குண்டு கடலில் விழுந்தது. தண்ணீர் பனைமரம் உயரம் எழும்பி, மீனும் சேறுமாகத் துறைமேல் கொட்டியது. அந்த அதிர்ச்சியில் கொண்டம்மா விழித்துக்கொண்டாள். காலையிலிருந்து அவள் பால் குடித்திருக்கவில்லை. குழிக்குள் அவள் வாயைத் திறந்து ஏறி இறங்கி ஊதத் தொடங்கவும், இரண்டாவது குண்டு உப்புக் கிடங்கின் மேல் விழவும் சரியாக இருந்தது. உப்பு வானத்துக்குப் போய், குழியில் கிடந்தவர்கள் முதுகில் வெள்ளையாகப் பெய்தது. உதட்டில் விழுந்ததை எல்லாரும் நக்கிப் பார்த்தார்கள். உயிரோடுதான் இருக்கிறோம் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள்.

"கொழந்தைக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு" என்று ஒருவர் சொன்னார். அது குழி முழுவதும் வாய்க்கு வாய் போனது. கொண்டம்மாவுக்குத் தெரியும். கொண்டம்மா நிறுத்துகிறவரை தலை தூக்கக் கூடாது. மில் சங்கு அதற்குப் பிறகு ஊதவே இல்லை. ஊதுகிறவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயிலடிப் பக்கம் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. அவன் திரும்பி வரவில்லை. ஆக, அபாயம் நீங்கிவிட்டது என்று சொல்ல ஊரில் ஒரே ஒரு வாய்தான் மிச்சம் இருந்தது. அது இன்னும் ஏறி இறங்கி ஊதிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் துறை வழியிலிருந்து நூக்கராஜுவின் குரல் கேட்டது. தெருமுனையில் உப்பு மூட்டையோடு கவிழ்ந்த வண்டி அவன் கால்மேல் கிடந்தது. "யாராச்சும் வாங்கடா... தூக்குங்கடா" என்றான். பைடிதல்லி குழந்தையை மார்போடு அணைத்தபடியே மேலே ஏறப் பார்த்தாள். புடவையைப் பிடித்து இழுத்தார்கள். இரண்டாம் தடவை ஏறியபோது காலைப் பிடித்து இழுத்தார்கள்.

"தனியாப் போய் என்னம்மா செய்வ?" என்றார் சன்யாசி ராவ். "ஆறு ஆள் தூக்கற வண்டி. உன்னைப் பாத்துட்டு ஜப்பான்காரன் இங்க குண்டு போட்டான்னா?"

"அப்ப ஆறு பேர் வாங்க பாபு."

"சங்கு நிக்கட்டும். நின்னதும் நானே முதல்ல வரேன்."

பைடிதல்லி ரவிக்கையை அவிழ்த்துக் குழந்தையைப் போட்டாள். குழந்தை இழுத்துப் பார்த்தது, விட்டது, முன்னைவிட உரக்க ஊதியது. மறுபக்கம் மாற்றினாள். பிழிந்து பார்த்தாள். ஊரெல்லாம் கொடுத்த பால்சுறாவும் பூண்டும் எங்கே போனதென்று தெரியவில்லை. பயத்தில் ஒரு சொட்டு இல்லாமல் வற்றிப்போயிருந்தது. வெளியே கணவனின் குரல் இடைவெளி விட்டு வந்தது. இடைவெளி நீண்டுகொண்டே போனது. குழிக்குள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பைடிதல்லி மட்டும் தலையைத் திருப்பினாள். இரண்டு ஆள் தள்ளி அச்சியம்மா உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் ஊதலுக்கு அவள் மார்பு தானாகச் சுரந்து, ரவிக்கை நனைந்து, மேலே படிந்த உப்பு கரைந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

"அக்கா" என்றாள் பைடிதல்லி. அதற்குமேல் கேட்கும் தைரியம் இல்லை.

அச்சியம்மா நெடுநேரம் மண்சுவரையே பார்த்தாள். வெளியே நூக்கராஜு தண்ணீர் கேட்டான். பிறகு கேட்கவில்லை.

"குடு இங்க" என்றாள் அச்சியம்மா. "அப்படிப் பிடிச்சு அமுக்காத, மூச்சு முட்டும். குடு."

குழந்தையை வாங்கி மடியில் போட்டாள். கொண்டம்மா வாய் வைத்ததும் குழிக்குள் அமைதி வந்தது. எல்லாரும் அதன் தொண்டை இறங்கி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அச்சியம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்க அவளுக்குக் கை ஒழியவில்லை. வயிறு நிறைந்ததும் கொண்டம்மா காம்பை விட்டாள், ஒரு பெருமூச்சு விட்டாள், ஒரே சீராக நீளமாக ஊதினாள்.

"அபாயம் நீங்கிச்சு" என்றார் சன்யாசி ராவ், பள்ளிக்கூடக் குரலில்.

பைடிதல்லிக்கு வாயில் ஒரு வார்த்தை வந்தது. இது வெறும் பால், வேறு ஒன்றுமில்லை, இவளுக்கு வானத்தைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. சொல்லியிருந்தால் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். சொல்லாததால் முப்பது, நாற்பது பேர் திறந்தவெளிக்கு எழுந்து வந்தார்கள், பெண்களும் குழந்தைகளும்கூட. அவள் அந்த வார்த்தையை விழுங்கினாள். 

ஆண்கள் வண்டிக்கு அடியில் தோளைக் கொடுத்தார்கள். பாதி தூக்கியிருந்தபோது மேலே மறுபடி விமானச் சத்தம் கேட்டது. வடக்கேயிருந்து வந்த மூன்று விமானங்கள், வயிற்றில் வரைந்த சிவப்பு வட்டம் தெரியும் அளவுக்குத் தாழப் பறந்தன. விட்டால் வண்டி புரண்டு நூக்கராஜுவின் மார்பில் விழும். தூக்கியவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், பிறகு எல்லாரும் ஒன்றாகத் திரும்பி அச்சியம்மாவின் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தார்கள். அது தூங்கிக்கொண்டிருந்தது.

"கொண்டம்மா தூங்குறா" என்றான் ஒருவன். "ஒண்ணுமில்ல. தூக்குங்கடா."

தூக்கினார்கள். பைடிதல்லி அந்த மூன்று விமானங்களையும் கண்ணால் பிடித்துக்கொண்டு நின்றாள். அவை தலைக்கு நேரே வந்தபோது அவள் கால் வழியே சிறுநீர் இறங்கியது. விமானங்கள் கடலைப் பார்த்துப் போயின, திரும்பவில்லை. கீழே அவள் கணவனை வெளியே இழுத்துக் கீற்றுத் தட்டியில் கிடத்தியிருந்தார்கள். அவன் முழங்காலுக்குக் கீழே காலாக இருந்தது இப்போது கால் இல்லை.

மறுநாள் ஊர் பாதியாகக் குறைந்தது. ஆனி மாதத்துக்குள் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கொண்டம்மா இருக்கிற ஊரில் பயமில்லை என்று பேச்சு. விசாகப்பட்டினம் ஆஸ்பத்திரியிலிருந்து நூக்கராஜு ஒற்றைக் காலும் ஊன்றுகட்டையுமாக வந்தான். அதுவரை பைடிதல்லிக்குப் பால் திரும்பவில்லை. குழந்தைக்கு அச்சியம்மாதான் கொடுத்தாள். நடுவில் இருந்த படலை யார் பிடுங்கினார்கள் என்று தெரியாது, ஒருநாள் அது இல்லை. ஒரு மத்தியானம் பைடிதல்லி கருவாடு உலர்த்த உதவிக்கொண்டிருந்தவள், தாங்க முடியாமல் சொல்லத் தொடங்கினாள்.

"அக்கா, அன்னிக்கு அவ ஊதினது..."

"பசிக்கு" என்றாள் அச்சியம்மா, கருவாட்டைப் புரட்டிக்கொண்டே. "பசிச்ச வாய் எப்படி இழுக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"நீ சும்மாதானே இருந்த?"

பைடிதல்லி கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். "அந்த மூணும் போட்டிருந்தா?"

"போட்டிருந்தா நானும்தான் அங்க நின்னேன்" என்றாள் அச்சியம்மா. "உம் பொண்ணும் எந் தோள்லதான் இருந்தா." பிறகு காக்கையை விரட்ட எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. அடுத்த வருஷம் அரிசி ரூபாய்க்கு இரண்டு படிக்கு இறங்கி, அப்புறம் கடையிலேயே இல்லாமல் போனது. ஓட்டைக் காலணா வந்தது. மண்ணெண்ணெய்க்குச் சீட்டு, துணிக்குச் சீட்டு, சர்க்கரைக்குச் சீட்டு. பசி என்றால் என்னவென்று ஊருக்குத் தெரிந்த வருஷம் அது. அந்த வருஷத்திலும் ஒவ்வொரு வீடும் உலையில் போடுமுன் ஒரு கை அரிசியைக் கொண்டம்மாவுக்கு எடுத்து வைத்தது. அவள் சீராக ஊதினால்தான் தெரு விளக்கணைத்துப் படுத்தது. எல்லாரும் நன்றாகத் தூங்கினார்கள். அந்த இரண்டு வீட்டில் மட்டும் இரண்டு பெண்கள், காற்றில் கீற்று சலசலத்தால்கூட, வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள். அடுத்தடுத்த வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

யுத்தம் முடிந்ததும் மில் கூரையிலிருந்து சங்கைக் கழற்ற ஆள் வந்தது. கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது கீழே தெருவில் சங்கு ஊதியது. வந்தவர்கள் வண்டிக்கு அடியில் புகுந்தார்கள். புகுந்த இடத்திலிருந்து அவர்கள் பார்த்தபோது தெருவில் யாரும் ஓடவில்லை. மீன் விற்கிறவள் மீன் விற்றாள், சன்யாசி ராவ் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கைகளை உயர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தார். ஊன்றுகட்டையோடு வந்த ஒற்றைக்கால் ஆள் ஒருவன் குனிந்து, "வெளிய வாங்க பாபு, மூணு வயசுப் பொண்ணு, சோறு வர லேட்டாயிடுச்சு" என்றான். கொஞ்ச நேரத்தில் ஊதல் சீராக நீண்டது. அவர்கள் வெளியே வந்து உடுப்பைத் தட்டிக்கொண்டு, இறக்கிய சங்குக்கு ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு ரூபாய்க்கு இரண்டேகால் படி அரிசி விற்றது.